எர்த் குழிக்கு ஒரு வாரம் தண்ணீர்

1.

இந்தக் கதை ஒரு கையேட்டின் கடைசிப் பக்கங்களில் தொடங்கியது. நோட்புக் கம்ப்யூட்டரோடு பையில் வந்த கையேடு அது. ஏழு மொழிகளில் எழுதியிருந்தார்கள். தமிழும் இல்லை, தெலுங்கும் இல்லை. முடிவில் நான்கு வெற்றுப் பக்கங்கள். ஒவ்வொன்றின் தலையிலும் 'குறிப்புகள்' என்று ஆங்கிலத்தில் ஒரு சொல். வாங்கியவர்கள் அங்கே என்ன எழுதுவார்கள் என்று நினைத்தார்களோ, தெரியாது. நான் முதலில் எழுதியது இது:

என் மனைவி மஸ்கட்டிலிருந்து அனுப்பிய கம்ப்யூட்டரை நான் நாற்பத்தொரு நாள்

அங்கேயே நின்றுவிட்டது. வினைச்சொல் வரவில்லை. மறுநாள் இன்னொன்று:

எதையும் சரிபார்க்காமல் செய்கிற ஆள் இல்லை நான். அதனால்

அதுவும் நின்றது. மூன்றாவது முறை 'நான்' இருந்த இடத்தில் 'காலேப்' என்று போட்டேன். காலேப் நடந்தான், பேசினான், பஸ் ஏறினான். ஆகவே இனி காலேப். அவன் யாரென்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. அதைப் பற்றி மேலும் பேச வேண்டாம்.

2.

இரண்டாயிரத்து ஆறு, பிப்ரவரி பதினொன்று, சனிக்கிழமை. கார்வேட்டிநகரத்து ரூபா, சித்தூர் பஸ் நிலையத்தில் காலேபிடம் ஒரு கறுப்புப் பையைக் கொடுத்தாள். மஸ்கட்டில் அவன் மனைவி கேசியாவோடு ஒரே ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்ப்பவள். லீவில் வந்திருந்தாள்.

"பத்திரம் அண்ணா. ப்ளேன்ல மடியிலயே வச்சிக்கினு வந்தேன். பாத்ரூமுக்குக்கூட தூக்கிக்கினுதான் போனேன். பக்கத்து சீட்டு ஆளு, உள்ள இன்னா தங்கமான்னு கேட்டான்."

காலேபுக்கு அப்போது இருபத்தொன்பது வயது. ஒரு ஜூனியர் காலேஜில் பௌதிக ஆய்வகத்தைப் பார்த்துக்கொண்டான். கல்யாணமாகி மூன்று வருடம். அதில் பாதி கேசியா மஸ்கட்டில். சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் சந்தில் ஓட்டு வீடு. கேசியாவின் அம்மா தபீதாளும் அவனும் மட்டும் இருந்தார்கள்.

கேசியா வியாழக்கிழமைகளில் போன் செய்வாள்.

"வந்துட்ச்சா?"

"வந்துட்ச்சு."

"ஆன் பண்ணியா?"

"புக்கு படிச்சிக்கினு இருக்கேன்."

"ஒரு பட்டனை அமுக்கறதுக்குப் புக்கா? மாமா, நீ கல்யாணத்தன்னிக்கும் எதாவது புக்கு படிச்சிட்டுத்தான் வந்தியா?"

 அவள் சிரித்து முடிக்கும்வரை அவன் காத்திருந்தான்.

"அதுல உனக்கு ஒண்ணு பேசி வச்சிருக்கேன். வீடியோ. எல்லாத்தையும் செட் பண்ணி, உன் பேரு போட்டு, பாஸ்வேர்டும் போட்டுப் பூட்டியிருக்கேன்."

"பாஸ்வேர்டு சொல்லு, எழுதிக்கிறேன்."

"ஐய. சொன்னா அதை எழுதி பீரோல வச்சிட்டு இன்னும் ஒரு மாசம் புக்கு படிப்பே. நீ ஆன் பண்ணு. ஒரு வாத்து வரும். வாத்து வந்துட்ச்சுன்னு எனக்கு போன் பண்ணு. அப்ப சொல்றேன்."

"வாத்தா?"

"ஆன் பண்ணு, தெரியும்."

[இங்கே அவள் குரலை வர்ணித்து இரண்டு வரி எழுதியிருந்தேன். தவறாக இருந்தது. எடுத்துவிட்டேன்.]

கையேட்டின் ஒன்பதாம் பக்கம், கட்டம் கட்டிய எழுத்தில், தரை இணைப்பு, அதாவது எர்த், உள்ள பிளக் பாயிண்டில் மட்டுமே இந்தச் சாதனத்தைப் பொருத்தவும் என்றது. சார்ஜ் ஏற்றாமல் பேட்டரியில் ஆன் செய்யக் கூடாது என்றும் போட்டிருந்தது. காலேப் அதை நான்கு முறை படித்தான். மஸ்கட் பிளக்கின் கால்கள் சதுரமானவை. நம் சுவரில் நுழையாது. வளைகுடாவில் ஆள் இருக்கிற வீடுகளில் இதற்கு இரண்டு வழிகள் உண்டு. பத்து ரூபாய்க்கு ஒரு மாற்றுப் பிளக் வாங்குவார்கள். அதில் எர்த் எதோடும் சேராது. அல்லது பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு, வயரின் இரண்டு நுனிகளையும் நேராகச் சுவரில் சொருகி, தீக்குச்சியால் இறுக்குவார்கள். மிக்ஸி, டேப், அயர்ன் பாக்ஸ் எல்லாம் அப்படித்தான் ஓடுகின்றன. யாரும் சாகவில்லை.

காலேப் கடைத்தெருவில் நம்மூர்க் கால்கள் கொண்ட வயர் ஒன்று வாங்கினான். பிறகு ஆய்வகத்திலிருந்து டெஸ்ட் விளக்கைக் கொண்டுவந்து வீட்டின் ஒவ்வொரு பிளக்கிலும் வைத்துப் பார்த்தான். எதிலும் எர்த் இல்லை. அந்த வீட்டுக்கே எர்த் கிடையாது. நாற்பது வருடத்து ஒயரிங்.

அதற்குள் பிராக்டிகல் பரீட்சை வந்துவிட்டது. தினமும் மூன்று பேட்ச். மார்ச்சும் பாதி போய்விட்டது.

3.

மார்ச் பதினெட்டு, சனிக்கிழமை. பாலசமுத்திரத்துப் பக்கமிருந்து சின்னப்பன் என்பவர் கடப்பாரையோடு வந்தார். ஐம்பது வயது. கிணறு தூர் வாருகிறவர்.

"இன்னா சார், கக்கூஸுக்கா?"

"இல்ல. எர்த்துக்கு."

"அப்டின்னா?"

"கரண்ட் எங்கனா தப்பிச்சு வெளிய வந்துட்டா, ஆளைத் தொடாம மண்ணுக்குள்ள போறதுக்கு."

"போயி?"

"அவ்ளோதான். போயிடும்."

"எவ்ளோ ஆழம்?"

"எட்டடி."

"எங்க ஊர்ல ஆளுக்கே ஆறடிதான் சார்."

குழி தோண்டி முடிய மாலையாகிவிட்டது. செம்புத் தகட்டை இறக்கி, அதன் மேல் ஒரு அடுக்கு கரி, ஒரு அடுக்கு உப்பு, மறுபடி கரி. சின்னப்பன் மேலிருந்து எட்டிப் பார்த்தார்.

"கரியும் கீது, உப்பும் கீது. ரெண்டு மீனு வாங்கியாந்தீங்கன்னா சுட்டுத் துன்னுட்டே போயிடலாம்."

[ஆறடி என்பதற்குப் பிறகு ஒரு ஒப்பீடு எழுதியிருந்தேன். வேண்டாம். உங்களுக்கே தோன்றியிருக்கும்.]

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தச் சின்னப்பன் மேல் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. உண்மையில் குழி தோண்டியவர் அதிகம் பேசவில்லை. இரண்டு முறை தண்ணீர் கேட்டார். கூலி வாங்கிக்கொண்டு ஐந்தரை மணி பஸ்ஸுக்குப் போய்விட்டார். ஆறடியும் மீனும் கேசியா சொன்னவை. காலேப் போனில் குழியைப் பற்றிச் சொன்னபோது அவள் அடித்த கிண்டல். அவற்றை அவள் வாயிலேயே வைத்து எழுதிப் பார்த்தேன். ஆறடி என்று அவள் சொல்வதை என்னால் எழுத முடியவில்லை. கடப்பாரையோடு வந்த மனிதர் அதைத் தாங்குவார் என்று தோன்றியது. அவரிடம் கொடுத்துவிட்டேன்.

ஒன்றை மட்டும் அவளிடமே விடுகிறேன். மார்ச் இருபத்து மூன்று, வியாழன்.

"குழி ஆச்சா?"

"ஆச்சு. ஒரு வாரம் தண்ணி ஊத்தணும். மண்ணு நல்லா எறங்கி, உப்பு ஊறணும்."

"செடியா வச்சிருக்கே?"

"காஞ்சிருந்தா எர்த் சரியா எடுக்காது."

"ஊத்து, ஊத்து. மொளைச்சதும் சொல்லு."

அந்த ஒரு வாரம் கையேட்டில் இல்லை. அது காலேப் சேர்த்தது.*

* பிளக்கில் எர்த் கால் மட்டும் ஏன் பெரிதாக இருக்கிறது என்று, கல்யாணமான புதிதில், கேசியா துணி தேய்த்துக்கொண்டே கேட்டாள். உள்ளே போகும்போது முதலில் தொடுவதற்கும் வெளியே வரும்போது கடைசியில் விடுவதற்கும் என்றான் காலேப். அவன் மாணவர்களுக்கு வருடா வருடம் சொல்வது. அவள் பிளக்கைத் திருப்பிப் பார்த்தாள். "அப்ப அந்தக் காலு நீ இல்ல மாமா," என்றாள். "நீ எதையும் முதல்ல தொட மாட்டே."

4.

இந்த எண்ணுக்கு அதிகம் இல்லை. மார்ச் இருபத்து நான்கு, வெள்ளி காலை. ஹாஸ்டலிலிருந்து டூட்டிக்குப் போன வேன். கேசியா அதில் இருந்தாள். பத்தொன்பது நாள் கழித்துச் சென்னை விமான நிலையத்தில் காலேப் கையெழுத்துப் போட்டு அவள் பெட்டியை வாங்கினான்.

5.

அந்தக் கோடை முழுவதும் தபீதாள் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றினாள். காலையில் ஒரு குடம். யாரும் அவளிடம் போதும் என்று சொல்லவில்லை. ஒரு வாரம் என்று சொன்னவன் காலேப். அவன் அவளைப் பார்த்தபடி பல் விளக்குவான். ஒருநாள் அவளே சொன்னாள்.

"காஞ்சா வேலை செய்யாதுன்னியே மாப்ளே."

"ஆமா அத்தே."

ஜூனில் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்தபின், அவன் கம்ப்யூட்டரை மேசையில் வைத்தான். கையேட்டை வரிசைப்படி செய்தான். சமதளம். கெட்டியான பரப்பு, மெத்தை கூடாது. பக்கவாட்டுக் காற்றுத் துளைகளுக்கு முன்னால் நான்கு விரல் இடம். ஈரக் கை கூடாது. அருகில் தண்ணீர் கூடாது. தபீதாளின் செம்பை எடுத்துச் சமையலறையில் வைத்தான். குழியோடு சேர்த்த புதிய பிளக் பாயிண்டில் டெஸ்ட் விளக்கை வைத்தான். எர்த் பிரமாதமாக எடுத்தது. விளக்கு அவ்வளவு பிரகாசமாக எரிந்து அவன் பார்த்ததில்லை.

பட்டனை அழுத்தினான்.

ஒரு மஞ்சள் வாத்து வந்தது. குளியல் தொட்டியில் குழந்தைகள் விடுவார்களே, அந்த ரப்பர் வாத்து. பக்கத்தில் அவன் பெயர். கீழே ஒரு வெள்ளைக் கட்டம், கோடு ஒன்று விட்டு விட்டு மின்னிக்கொண்டு.

வாத்து வந்ததும் கூப்பிட வேண்டிய எண் அவன் செல்போனில் இருந்தது.

முதலில் அவள் பெயரைப் போட்டான். தவறு என்றது. கல்யாணத் தேதியைப் போட்டான். தவறு. மூன்றாவதற்கு விரலை வைத்துவிட்டு எடுத்துவிட்டான். இரண்டு வருடத்துக்கு முன்னால் செல்போனில் ரகசிய எண்ணை மூன்று முறை தவறாகப் போட்டு அவனுடைய சிம் பூட்டிக்கொண்டது. கடைக்காரன் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று கொடுத்தான். அதிலிருந்து மூன்று என்பது எல்லா இயந்திரங்களுக்கும் பொது என்று அவன் முடிவு செய்திருந்தான். இரண்டு போய்விட்டது. மீதி ஒன்று.

அந்த ஒன்றை அவன் பயன்படுத்தவில்லை. தினமும் காலேஜுக்குப் போகுமுன் பத்து நிமிடம் ஆன் செய்வான். வாத்தைப் பார்ப்பான். மனதுக்குள் ஒரு சொல்லைப் போட்டுப் பார்ப்பான். அணைத்துவிடுவான். ஜூன், ஜூலை, ஆகஸ்ட்.

[ஒரு நண்பர் இந்த இடத்தைப் படித்துவிட்டு, யாரிடமாவது கேட்டிருக்கலாமே என்றார். ஆமாம்.]

6.

தபீதாளைச் சரியாகச் சொல்ல வேண்டும். முந்தைய பிரதியில் அவளைக் கொஞ்சம் அசடாக எழுதிவிட்டேன். அவள் அசடு இல்லை. முப்பது வருடம் மிஷன் ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்து பெண்ணை நர்ஸாக்கியவள். அந்த வீட்டில் எதையும் திறந்து வைக்க மாட்டாள், அவ்வளவுதான். ரேடியோ, டிவி, தண்ணீர்ப் பானை, தட்டு அடுக்கு, எல்லாவற்றுக்கும் வெள்ளை நூலில் பின்னிய உறை உண்டு. ஓரத்தில் ரோஸ் நிறப் பூ. கம்ப்யூட்டருக்கும் அளவெடுத்துப் பின்னிக்கொண்டிருந்தாள். செப்டம்பரில் அது முடிந்தது.

அன்று காலேஜிலிருந்து அவசரமாகக் கூப்பிட்டார்கள். காலேப் அணைக்காமல் போய்விட்டான். மாலை நான்கு மணிக்குத் திரும்பியபோது வாசலிலேயே சூடான பிளாஸ்டிக் வாசனை. மேசையில் கம்ப்யூட்டர் மூடியிருந்தது. அதன்மேல் உறை, நான்கு மூலையும் இழுத்துக் கட்டி. உறையின் மேல், பூனை கலைக்காமல் இருக்க, கீர்த்தனைப் புத்தகம்.

அவன் பிளக்கைப் பிடுங்கினான். உறையைத் தொட்ட விரல் சுட்டது.

"இன்னா மாப்ளே? இன்னா ஆச்சு?"

"எப்ப மூடினீங்க?"

"நீ போனதும். தூசி விழுதேன்னு. உள்ள உஸ்ஸு உஸ்ஸுனு மூச்சு விட்டுக்கினே இருந்துச்சு. இன்னாவோ புழுதி போவுதுன்னு நெனச்சு இன்னும் இழுத்துக் கட்டினேன்." அவன் முகத்தைப் பார்த்தாள். "அவ பேசினது அதுக்குள்ளதானே இருக்குது?"

"ஆமா."

"போயிட்ச்சா?"

"தெரியல அத்தே."

அவள் உறையை மடித்தாள். மடித்த உறையைக் கையில் வைத்துக்கொண்டே இரவுச் சாப்பாட்டை எடுத்து வைத்தாள். அதைப் பிறகு அந்த வீட்டில் நான் பார்க்கவில்லை.

['நான்' விழுந்துவிட்டது. இருக்கட்டும்.]

மறுநாள் ஆன் செய்தபோது வாத்து வந்தது. ஆனால் உள்ளே எங்கோ நகத்தால் தகரத்தைத் தட்டுவது மாதிரி ஒரு ஓசை. டிக். சிறிது நேரம் ஒன்றுமில்லை. டிக், டிக்.

7.

திருப்பதியில், பஸ் நிலையத்துக்கு எதிரே மாடியில் கிரண்குமாரின் கடை. நகரிப் பக்கத்துத் தமிழ்ப் பையன். தெலுங்கில் படித்தவன். காலேபின் பழைய மாணவன். அக்டோபரில் ஒரு சனிக்கிழமை காலேப் அங்கே போனான். நானும் வருவேன் என்று தபீதாளும் கிளம்பிவிட்டாள். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் கம்ப்யூட்டர் காலேபின் மடியில் இருந்தது. ஒவ்வொரு வேகத்தடைக்கும் அவன் அதை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தான்.

கிரண்குமார் கேட்டு முடித்துவிட்டு, தன் ஸ்டூலைப் பின்னால் தள்ளினான்.

"மூணு தடவைன்னு எவர் சார் செப்பிந்தி? அது சிம்முக்கு. இதுக்கு நீங்க ஆயிரம் தடவை போட்டுக்கினே இருக்கலாம்."

காலேப் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தான். நான்கு மாதம்.

"பத்து நிமிஷம் சார். பூட்டையே எடுத்துடறேன்."

எட்டு நிமிடத்தில் எடுத்துவிட்டான். வாத்து போய், பச்சைப் புல்வெளிப் படம் வந்தது.

"பாஸ்வேர்டு இன்னாது?" என்றான் காலேப்.

"அது எதுக்கு சார்? எடுத்தாச்சு."

"இன்னா வார்த்தைன்னு பாக்க முடியாதா?"

"பூட்டை உடைச்சா சாவி எப்படி இருந்துச்சுன்னு எப்படி சார் தெரியும்?" கிரண்குமார் சிரிக்கப் போய், சிரிக்கவில்லை. "சாரி சார்."

அந்தச் சொல்லைக் கேசியா போனில் சொல்வதாக இருந்தது. இனி அது யாருக்கும் தெரியாது.

உள்ளே ஒரே ஒரு வீடியோ. நான்கு நிமிடம் பன்னிரண்டு விநாடி. கிரண்குமார் அதை சிடியில் பதிவு செய்ய முயன்றான். பச்சைக் கோடு முப்பது சதவீதம்வரை வந்து நின்றது. டிக், டிக், டிக். மறுபடி முயன்றான். மறுபடியும் முப்பது. அவன் உடனே அணைத்துவிட்டான்.

"டிஸ்க் போயிக்கினு இருக்குது சார். இதுக்கு மேல நான் கை வச்சா மொத்தமா போயிடும். சென்னையில ஒரு இடம் இருக்குது. பிரிச்சு எடுப்பாங்க. ஒரு மாசம் ஆகும். வரும்னு கேரண்டி கிடையாது."

"இல்லன்னா?"

"இல்லன்னா நேரா போட்டுப் பாக்கறதுதான். ஒரு தடவை ஓடலாம். பாதியில நிக்கலாம். வராமலும் போலாம். பேட்டரி செத்துட்ச்சு, ப்ளக்குல போட்டுத்தான் ஓட்டணும். இங்கயே போட்டுடட்டா?"

கடையில் ஹால் டிக்கெட் பிரிண்ட் எடுக்க இரண்டு பேர் நின்றிருந்தார்கள்.

"கடையில வேணாம்," என்றாள் தபீதாள்.  "சென்னையும் வேணாம். வீட்டுக்குப் போலாம் மாப்ளே. வீட்லதான் எர்த்து கீது."

8.

மாலை ஐந்து மணி. வீடு. சமதளம், கெட்டியான பரப்பு. காற்றுத் துளைகளுக்கு முன்னால் நான்கு விரல். செம்பு சமையலறையில். வயரின் ஒரு முனையைக் கம்ப்யூட்டரில் சொருகியாகிவிட்டது. மறு முனையைக் கையில் எடுத்தபோது ஓடு அதிர்ந்தது.

வடகிழக்குப் பருவம். சித்தூரில் அக்டோபர் மாலை என்றால் அப்படித்தான். கையேட்டின் பதினோராம் பக்கம்: இடி மின்னலின்போது சாதனத்தை மின்சாரத்தோடு இணைக்க வேண்டாம், இணைத்திருந்தால் உடனே துண்டிக்கவும். இதையும் கட்டம் கட்டித்தான் போட்டிருந்தார்கள்.

காலேப் பிளக்கை மேசைமேல் வைத்தான்.

"இடி நிக்கட்டும் அத்தே."

தபீதாள் தலையாட்டினாள். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ஐந்தே கால். ஐந்தரை. மழை இன்னும் வரவில்லை, இடி மட்டும். ஒவ்வொரு மின்னலுக்கும் இடிக்கும் நடுவே காலேப் விநாடிகளை எண்ணினான், எவ்வளவு தூரம் என்று கணக்கிட. பதினைந்து நிமிடம் சத்தமில்லாமல் இருந்தால் போடலாம் என்று முடிவு செய்தான். பதிமூன்றாவது நிமிடத்தில் மறுபடி இடித்தது. முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தான்.

"எர்த்து எர்த்துன்னு நாப்பது நாளு," என்றாள் தபீதாள். சத்தமில்லாமல், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. "இப்ப இடி இடின்ற. எல்லாம் சரியா இருக்கற நாளுன்னு ஒண்ணு வரும்னு அந்தப் புக்குல எழுதியிருக்குதா?"

அவன் விநாடிகளை எண்ணிக்கொண்டிருந்தான்.

"அவ உன்னைப் பாத்துத்தான் பேசியிருப்பா. என்னைப் பாத்து இல்ல. தெரியும். நான் ஓரமா நின்னுக்கினு கேக்கறேன். மூடி வச்சுக் கெடுத்தவ நானு." அவன் பக்கம் திரும்பினாள். "நீ தெறக்காம வச்சிருந்தே."

பிறகு மேசையிலிருந்த பிளக்கை அவள் எடுத்துக்கொண்டாள். திருப்பிப் பார்த்தாள்.

"இதுல பெரிய காலு மேலயா, கீழயா?"

9.

இந்த இடத்துக்கு மூன்று முடிவுகள் எழுதினேன்.

முதலாவது. காலேப் 'மேலே' என்கிறான். வீடியோ ஓடுகிறது. கேசியா வருகிறாள், ஹாஸ்டல் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள், "ஒருவழியா

அதற்குமேல் எழுதவில்லை. அவள் பேச்சை நான் எழுத முடியாது. அவள் சொன்னதை எடுத்துச் சின்னப்பனுக்குக் கொடுத்தேன், அதுவே அதிகம். நான் சொல்வதை அவளுக்குக் கொடுப்பது வேறு.

இரண்டாவது. டிக், டிக், பிறகு கறுப்புத் திரை. இது தடையில்லாமல் வந்தது. பத்து வரி, ஒரு அடித்தல்கூட இல்லை. அவ்வளவு சுலபமாக வந்ததால் மொத்தமாக அடித்துவிட்டேன். இழந்ததைப் பற்றி எழுத எனக்கு இப்போது பழகிவிட்டது. அதை நம்பக் கூடாது.

மூன்றாவது. காலேப் எழுந்துபோய்த் தபீதாளின் கையிலிருந்து பிளக்கை வாங்கி வைக்கிறான். திங்கட்கிழமை சென்னைக்குப் பார்சல் அனுப்புகிறான். ரசீதைக் கையேட்டுக்குள் வைத்து பீரோவில் பூட்டுகிறான். காலேபை எனக்குத் தெரியும். அவன் இதைத்தான் செய்வான். இதைச் செய்துவிடுவான் என்றுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நான்காவது இல்லை. ஏனென்றால் மணி இப்போது ஆறு பத்து. ஆறாம் பகுதிவரை முன்பே வேறு தாள்களில் எழுதிவிட்டேன். ஏழாம், எட்டாம் பகுதிகளையும் இதையும் இந்த ஒரு மணி நேரத்தில் எழுதினேன், குறிப்புகள் என்று போட்ட கடைசிப் பக்கத்தில், ஓரங்களில், பின்னட்டையின் உட்புறத்தில். எதிரே அத்தை பிளக்கோடு உட்கார்ந்திருக்கிறாள். நான் கையேட்டில் எதையோ தேடுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

"இன்னா மாப்ளே, புக்குல இன்னா போட்டிருக்குது?" என்கிறாள்.

அவளுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. தாளில் இடம் முடியப்போகிறது. மீதியை உங்களிடம் தருகிறேன். நீங்கள் என்னைவிட மெதுவான ஆளாக இருக்க முடியாது.

பிளக் பாயிண்ட் இருப்பது கதவுக்கு இடப்பக்கம், இடுப்பு உயரத்தில். மேசையில் ஈரம் இல்லை. காற்றுத் துளைகள் திறந்திருக்கின்றன, மேலே உறை இல்லை. வயர் புதியது. வெளியே இடிக்கிறது, அது நிற்கும் என்று என்னால் சொல்ல முடியாது. எர்த் நன்றாக இருக்கிறது. இன்று காலையும் அவள் தண்ணீர் ஊற்றினாள்.

பெரிய கால் மேலே. அதுதான் முதலில் தொடும். சுவிட்சைக் கீழே தட்டினால் ஆன்.